ஓய்வுக் காலக் கணக்கு: எக்ஸெல் போட்டுக் காட்டும் உண்மை

ஓய்வு பெறும்போது கையில் ஒரு கோடி ரூபாய் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் பலர். போதுமா என்று ஏஜென்டைக் கேட்க வேண்டாம், எக்ஸெல் சொல்லிவிடும். அது இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பின் கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம்.

ஐம்பது வயதுக்காரர் ஒருவரை எடுத்துக் கொள்வோம். இன்றைய வீட்டுச் செலவு மாதம் 30,000 ரூபாய். கணவன், மனைவி இருவருக்குமான ஹெல்த் இன்ஷூரன்ஸ் பிரீமியம் ஆண்டுக்கு 25,000 ரூபாய். இரண்டையும் ஒரே விகிதத்தில் உயர்த்தினால் கணக்கு தப்பாகும். மளிகை விலை உயரும் வேகம் வேறு, மருத்துவச் செலவு உயரும் வேகம் வேறு; வயது கூடக் கூடவும் பிரீமியம் ஏறும். எனவே வீட்டுச் செலவுக்கு 6 சதவீதம், பிரீமியத்திற்கு 10 சதவீதம் என வைத்துக் கொள்வோம்.

ஒரு செல்லில் =30000*12*1.06^10 என டைப் செய்து என்டர் தட்டவும். பத்து ஆண்டு கழித்து ஓராண்டுச் செலவு 6,44,705 ரூபாய் எனக் காட்டும். =25000*1.1^10 என அமைத்தால் பிரீமியம் 64,844 ரூபாய்.

இனி புதிய ஷீட்டில் முதல் வரியில் தலைப்புகளைத் தரவும். ஏ2 செல்லில் வயது 60, பி2-வில் 1,00,00,000, சி2-வில் வீட்டுச் செலவு, டி2-வில் பிரீமியம். இ2-வில் =(பி2-சி2-டி2)*1.07 என்ற பார்முலா. மீதிப் பணத்திற்கு 7 சதவீத வட்டி என்று பொருள். செல் பெயர்களை ஆங்கில எழுத்தில் டைப் செய்திடவும். அடுத்த வரியில் ஏ3-ல் =ஏ2+1, பி3-ல் =இ2, சி3-ல் =சி2*1.06, டி3-ல் =டி2*1.1 என அமைத்து, இ2-வில் உள்ள பார்முலாவை இ3-க்குக் காப்பி செய்திடவும். பின் மூன்றாவது வரியைத் தேர்ந்தெடுத்து 84 வயது வரை கீழே இழுத்து விடவும்.

டி2-வில் பூஜ்யம் கொடுத்துப் பார்த்தால் 76 வயதில் மைனஸ் குறி எட்டிப் பார்க்கும். பிரீமியத்தைச் சேர்த்தால் 74 வயதிலேயே! பிரீமியம் மட்டுமே இரண்டு ஆண்டுகளைத் தின்றுவிடுகிறது. 84 வயது முடியும் வரை பணம் வர எவ்வளவு வேண்டும்? டேட்டா டேபில் வாட் இஃப் அனாலிசிஸ் பிரிவில் கோல் சீக் கிளிக் செய்து, இ26 செல் பூஜ்யமாக பி2 மாற வேண்டும் எனக் கொடுக்கவும். ஏறத்தாழ 1.67 கோடி என்று விடை வரும். விகிதங்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள், அதற்குத்தானே கம்ப்யூட்டர்.

பிரீமியம் கட்ட வேண்டாம், அலுவலக இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் குரூப் பாலிசி பெரும்பாலும் வேலையோடு முடிந்துவிடும். அறுபதில் புதிய பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் இதன் உச்ச வரம்பை நான்கு ஆண்டிலிருந்து மூன்றாகக் குறைத்தது. அதாவது 57 வயதுக்குள் சொந்தப் பாலிசி எடுத்து, இருக்கும் நோய்களை மறைக்காமல் எழுதிக் கொடுத்தால், ஓய்வு பெறும் நாளில் காத்திருப்பு முடிந்திருக்கும். மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2024 அக்டோபரில் வருமான வரம்பின்றி முதியோருக்கு விரிவாக்கப்பட்டது. ஆனால் 70 வயது ஆக வேண்டும். இடையில் உள்ள பத்து ஆண்டுகள் உங்கள் பொறுப்பு.

பழைய பிரீமிய ரசீதைப் பார்த்து எண்ணைத் தருபவர்கள் கவனிக்கவும். தனிநபர் ஹெல்த் பாலிசிக்கான 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. வரிக்கு முந்தைய தொகையைத் தரவும்.

பைலுக்குப் பாஸ்வேர்ட் கொடுக்க பைல், இன்ஃபோ, புரொடெக்ட் ஒர்க்புக் எனச் செல்லவும். மறந்தால் மைக்ரோசாப்ட் மீட்டுத் தராது. வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.