உறையவைக்கும் சிகிச்சையும் முதியோர் இன்ஷ்யூரன்ஸும்

முதுமையில் ஆடவரைப் பற்றும் நோய்களுள் புராஸ்டேட் சுரப்பியில் தோன்றும் புற்றுநோயும் ஒன்று. வடநாட்டு நேயர்கள் நன்கறிந்த அக்ரோட்டுக் கொட்டையின் அளவே உடைய இச்சுரப்பி, சிறுநீர்ப்பையின் கீழே சிறுநீர்க்குழாயைச் சூழ்ந்து அமைந்திருக்கிறது. அறுத்து எடுத்தலும் கதிர்வீச்சும் இந்நோய்க்கு நெடுங்காலமாக வழங்கிவரும் சிகிச்சைகள். உறையவைத்தல் என்பது மற்றொரு முறை.

ஆசனவாய்க்கு முன்புறமுள்ள தோலின் வழியே மெல்லிய ஊசிகளைச் சுரப்பிக்குள் செலுத்துகிறார்கள். ஆர்கான் வாயு ஊசியின் நுனியில் விரிவடையும்போது கடுங்குளிர் உண்டாகிறது. சுரப்பியின் திசுக்கள் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி சென்டிகிரேடு வரை குளிர்ந்து பனிக்கட்டியாகின்றன; உயிரணுக்கள் சிதைகின்றன. பின்னர் உருகவிட்டு, மறுமுறையும் உறையவைப்பது வழக்கம். பனிக்கட்டி பரவும் எல்லையை ஒலியலைக் கருவியின் திரையில் மருத்துவர் கவனித்துக்கொண்டே இருப்பார். சிறுநீர்க்குழாய் உறைந்துவிடாதபடி அதனுள் வெந்நீர் ஓடும் குழாய் ஒன்றையும் வைப்பர். இவ்வளவு கவனம் செலுத்தியும் ஆண்மைக் குறைவு பலருக்கு நேர்வதுண்டு. இதனை மறைப்பது முறையன்று.

இதற்குரிய செலவை அரசாங்கம் ஏற்குமா? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இக்கேள்விக்குக் கிடைத்த விடை நம் கவனத்துக்கு உரியது. 65 வயது நிரம்பியோருக்கென அங்கு நடைபெறும் மெடிக்கேர் திட்டத்தின் சட்டத்தில், ஜனாதிபதி ஜான்சன் 1965 ஜூலை 30-ல் கையெழுத்திட்டார். நியாயமானதும் அவசியமானதுமான சிகிச்சைக்கே பணம் என்பது அதன் விதி. இவ்விரு சொற்களுக்கும் உட்பட்டதாக உறையவைத்தல் ஏற்கப்பட்டது 1999 ஜூலை 1 முதற்கொண்டுதான். அதுவும், நோய் பிற உறுப்புகளுக்குப் பரவாமல் டி-1 முதல் டி-3 வரையுள்ள நிலைகளில் நிற்பவர்களுக்கு, முதற் சிகிச்சையாக மட்டுமே.

முதலில் கதிர்வீச்சுப் பெற்று அது பலிக்காமற் போனவர்களின் கதி என்ன? அவர்களுக்கு 2001 ஜூலை 1-ல் வழி பிறந்தது, ஆனால் நிபந்தனைகளுடன். நோய் டி-2பி நிலைக்கு மேற்படாதிருத்தல், கிளீசன் மதிப்பெண் 9-க்குக் குறைந்திருத்தல், இரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவு 8-க்குக் குறைந்திருத்தல் என்னும் மூன்றில் ஏதேனும் ஒன்று பொருந்தினால் போதும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் இவ்விடத்தில் சற்று நின்றோம். ‘ஏதேனும் ஒன்று’ என்பதை ஒருவர் ‘மூன்றும்’ என்று பெயர்த்துவிட்டால், உரிமையுள்ள நோயாளி வெறுங்கையுடன் திரும்புவார் அல்லவா!

அறுவையை முதற் சிகிச்சையாகப் பெற்று, பின்னர் நோய் திரும்பியவர்களுக்கோ இந்த வழி திறக்கவில்லை. ஊசியும் வாயுவும் ஒன்றே. முன்னர் பெற்ற சிகிச்சையைப் பொறுத்துப் பணம் கிடைப்பதும் கிடையாததும் மாறுகிறது. ஆகவே முதற் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே, அது பலிக்காவிடில் அடுத்தது யாது, அதற்குப் பணம் உண்டா என்று அங்குள்ள நோயாளி கேட்டுக்கொள்வது நலம்.

நம் நாட்டில் 2018 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம், 2024 முதல் 70 வயது நிரம்பிய முதியோருக்கும் விரிந்துள்ளது. திட்டத்தில் சேர்ந்த மாநிலம் ஒன்றில் பெற்ற அட்டையை, சேர்ந்துள்ள பிற மாநில ஆஸ்பத்திரிகளிலும் காட்டலாம். எனினும் இங்கும் பட்டியலில் கண்ட சிகிச்சைகளுக்கே பணம். ஊரை விட்டு வந்து நம்முடன் தங்கியிருக்கும் தந்தையாரை ஆஸ்பத்திரியில் சேர்க்குமுன், அங்குள்ள ஆரோக்கிய மித்ரா என்னும் உதவியாளரிடம், மருத்துவர் எழுதித் தந்த சிகிச்சையின் பெயரைக் காட்டி, அது பட்டியலில் உளதா என்று கேட்டறியலாம்.