முதல்நாள் மதுவும் மறுநாள் பயணமும்

உத்திரமேரூர் வட்டாரத்தில் அறுவடைக் காலம் வந்துவிட்டால், நெல்மூட்டை ஏற்றிய டிராக்டர்கள் விடியுமுன்னரே சாலைக்கு வந்துவிடுகின்றன. ஓட்டுபவர் சிலரைக் கேட்டால், "குடித்தது நேற்றிரவு; தூங்கி எழுந்ததும் தெளிந்துவிட்டது" என்பர். இது ஆபத்தான எண்ணமாகும்.

உட்கொண்ட மதுவைப் பெரும்பாலும் அகற்றுவது கல்லீரலே. சராசரியாக மணிக்கு 7 கிராம் சாராயச் சத்தையே அதனால் அகற்ற இயலும். 180 மில்லி பிராந்தியிலோ ஏறத்தாழ 60 கிராம் உள்ளது. இரவு 10 மணிக்கு அதனைக் குடித்தவர் காலை 4 மணிக்கு வண்டியை எடுத்தால், 42 கிராம் நீங்கி, 18 கிராம் எஞ்சியிருக்கும். 60 கிலோ எடையுள்ளவரின் இரத்தத்தில் இது 100 மில்லிக்கு 40 மில்லிகிராமுக்கு மேற்படும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் வகுத்த வரம்போ 30 மில்லிகிராம். மீறினால், முதன்முறையே ஆறு மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

குளிர்ந்த நீராடலும் மோரும் காப்பியும் இக்கணக்கை மாற்றா. மது முற்றும் நீங்கிய பின்னரும் அயர்வும் தலைவலியும் கண்ணையும் கையையும் தாமதப்படுத்தும். அரையிருளில் எதிரே வரும் பால்காரரின் சைக்கிளுக்கு அத்தாமதமே எமனாகிவிடும்.

ஆகவே, காலையில் வண்டி ஓட்ட வேண்டியவர் முந்திய இரவு மதுவைத் தொடாதிருத்தலே நன்று. வண்டியின் சொந்தக்காரரும் சாவியைக் கொடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்டறிவாராக. நெல் மறுநாளும் போய்ச் சேரும். போன உயிர் திரும்புவதில்லை.