மைட்டர் சாவில் 45 டிகிரி வைத்து அறுத்தும் மூலை சேர மாட்டேங்குதா?

போட்டோ பிரேம் செய்யலாம் என்று நாலு சட்டம் அறுக்கிறீர்கள். மெஷினில் முள் 45-ல்தான் நிற்கிறது. மூன்று மூலை கச்சிதமாகச் சேர்கிறது. நாலாவதில் மட்டும் இடைவெளி! புட்டி வைத்து மூடிவிடலாம்தான். ஆனால், வார்னிஷ் அடித்ததும் அது பல்லைக் காட்டும்.

கணக்கு எளிது. ஒரு பிரேமுக்கு எட்டு வெட்டு. ஒவ்வொன்றிலும் அரை டிகிரி ஒரே பக்கம் பிசகினால் மொத்தம் 4 டிகிரி. 75 மி.மீ. அகலச் சட்டத்தில் அது கடைசி மூலையில் 7 மி.மீ.க்கு மேல் வாய் பிளக்கும். விலை குறைந்த மைட்டர் சாவில் அரை டிகிரி பிசகு சர்வ சாதாரணம். அதற்காக மெஷினைத் தூக்கிப்போட வேண்டியதில்லை.

முதலில் சோதனை. விளிம்பு நேராக உள்ள பலகையை 90 டிகிரியில் அறுங்கள். ஒரு துண்டை மட்டும் தலைகீழாகப் புரட்டி, இரண்டையும் நேரான கட்டையை ஒட்டிச் சேர்த்துப் பாருங்கள. தெரிகிற இடைவெளி, உண்மையான பிசகைப் போல இரண்டு மடங்கு. இப்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பலகை சாய்கிற ஃபென்ஸின் போல்ட்டுகளைத் தளர்த்தி, மூலைமட்டத்தை பிளேடோடு ஒட்டிவைத்து சரிசெய்யுங்கள். மட்டம் பிளேடின் தட்டையான உடம்பில் படணும், பல்லில் படக் கூடாது. பல் கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அங்கேதான் பலர் ஏமாறுவாங்க.

அடுத்து பிளேடு. கூடவே வருகிற 24 அல்லது 40 பல் பிளேடு வீட்டுச் சட்டம் அறுக்க ஓகே. பிரேமுக்கு 60 முதல் 80 பல் வேண்டும். காசு செலவழிப்பதென்றால் இங்கே செலவழிக்கலாம் என்பேன். கை கொஞ்சம் ஆடுகிற மெஷினில் அவசரமாக அழுத்தினால் பிளேடு வளையும். முழு வேகம் வந்த பிறகு மெதுவாக இறக்குங்கள். சுழற்சி நின்ற பிறகே தூக்குங்கள்.

மூன்றாவது, ஃபென்ஸிலும் தட்டிலும் பலகை பொருத்தி அதையும் சேர்த்து ஒரு முறை அறுத்துவிடுவது. பிளேடின் அகலத்துக்கு மட்டுமே பிளவு இருப்பதால் மரநாருக்குப் பின்னால் பிடிமானம் கிடைக்கும், ஓரம் பிய்யாது. ஸ்குரூ பிளேடின் பாதையில் வரக் கூடாது, கார்டும் தடைபடக் கூடாது. இதற்கு எம்.டி.எஃப். போதும் என்பார்கள். ஊட்டி, குன்னூர் பனியில் அது ஊதிவிடும். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் நல்லது.

எதிரெதிர்ச் சட்டங்கள் ஒரே நீளம் இல்லையென்றால், கோணம் சரியாக இருந்தாலும் மூலை சேராது. எனவே நீளத்தை அளந்து குறிப்பதைவிட, ஃபென்ஸில் ஒரு கட்டையைக் கிளாம்ப் போட்டு, அதில் முட்டவைத்து அறுங்கள். கட்டை, கை பிடிக்கிற பக்கம்தான் இருக்கணும். உதிர்கிற துண்டு கட்டைக்கும் பிளேடுக்கும் நடுவே சிக்கினால் தெறிக்கும்.

இதெல்லாம் செய்தும் மூலை பிளந்தால்? நீலகிரியில் குற்றவாளி பெரும்பாலும் ஈரம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் மரம் சுமார் 12 சதவீத ஈரத்தில் நிற்கும். 90 சதவீதத்துக்குப் போனால் சுமார் 20 சதவீதம். மரம் குறுக்கே ஊதும், நீளவாக்கில் அநேகமாக மாறாது. அதனால் கோணமே மாறிவிடும். மேட்டுப்பாளையத்தில் அறுத்துச் சேர்த்த பிரேம் மழைக்காலத்தில் ஊட்டிக்குப் போனால் வெளிமூலை பிளக்கும். ஊட்டி ஈரத்தில் செய்தது சமவெளிக்கு இறங்கினால் உள்மூலை. கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழையிலும், குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்கிலும் இதைக் கவனிக்கணும். மரத்தை அறுக்கும் முன் பிரேம் மாட்டப்போகும் வீட்டிலேயே சில வாரம் குச்சி வைத்து அடுக்கிவிடுங்கள்.

தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் இங்கே சுலபமாகக் கிடைக்கிற மரம். அழகான புள்ளிக்கோலம் தெரியும், ஆனால் நார் பிய்ந்துவரும். பின்பலகை இதற்குத்தான் அதிகம் தேவை. இதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் தடிப்பையும் தரும். முழுக்கைச் சட்டை, மாஸ்க், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கையுறை மட்டும் வேண்டாம். சுழலும் பிளேடு அதைக் கையோடு இழுத்துவிடும்.