உழவர் கம்பெனிகளில் கணக்குக் காவல்

காஞ்சீபுரத்தில் பட்டு நெசவாளியிடம் நூலும் சரிகையும் ஒப்புவிக்கப்படும்போது அவை நிறுத்தே கொடுக்கப்படுகின்றன. புடவை நெய்து திரும்பி வருகையில் அதுவும் நிறுக்கப்படுகிறது. சேதாரத்துக்கென்று ஒரு சிறு அளவு கழித்து மீதியை ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். பட்டு ஈரம் ஏற்றால் நிறை கூடும் என்பதை இரு சாராரும் அறிவார்கள். தலைமுறையாகப் பழகிய குடும்பங்களுக்குள்ளும் தராசு நடுவில் நிற்கிறது. அதைப் பற்றி எவரும் மனத்தாங்கல் கொள்வதில்லை. கலியாணத்துக்குப் புடவை எடுக்கச் செல்லும் நம் மிராசுதாரர்கள் இதை நேரில் கண்டிருக்கக்கூடும். ஆயினும் தங்கள் நெல்லையும் மணிலாக்கொட்டையையும் ஒப்புவிக்கும் கம்பெனியில் இத்தகைய தராசு ஒன்று உண்டா என்று கேட்பவர் அவர்களுள் வெகு சிலரே.

உற்பத்தியாளர் கம்பெனி என்னும் அமைப்புக்கு 2002-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத் திருத்தம் முதன்முதலாக இடங்கொடுத்தது. 2020-ல் அவ்விதிகள் 2013-ம் வருஷத்துச் சட்டத்தில் ஒரு தனி அத்தியாயமாகச் சேர்க்கப்பட்டன. பத்து உற்பத்தியாளர்கள் கூடினால் ஒரு கம்பெனியைப் பதிவு செய்யலாம். டைரக்டர்கள் ஐவருக்குக் குறையவோ பதினைவருக்கு மேற்படவோ கூடாது. அங்கத்தினர் யாவரும் தனி நபர்களாயிருப்பின், பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வோட்டே உண்டு. 2020-ல் மத்திய சர்க்கார் 10,000 உழவர் உற்பத்தியாளர் ஸ்தாபனங்களை ஏற்படுத்தும் திட்டத்தைத் தொடங்கிய பின்னர், இத்தகைய கம்பெனிகள் நாடெங்கும் பெருகலாயின. ஏர் பிடித்த கையில் கம்பெனிப் பங்குப் பத்திரம் வந்தது நல்லதே. ஆனால் பத்திரத்தோடு ஒரு பொறுப்பும் வந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் இங்கே கூற விரும்புகிறோம்.

சில வருஷங்களுக்கு முன், ஓர் உழவர் கம்பெனியின் வருஷாந்தர மகாசபைக்கு இதை எழுதுபவர் சென்றிருந்தார். கம்பெனியின் பெயரும் ஊரும் இங்கே வேண்டா. கூட்டம் நன்றாகவே நடந்தது. மாலை மரியாதைகள் முடிந்தன. ஐந்தொகையும் லாப நஷ்டக் கணக்கும் "வாசித்ததாகக் கொள்ளப்பட்டன". நாற்பதினாயிரம் ரூபாய் லாபம் என்று தலைவர் அறிவித்தபோது கைதட்டலும் எழுந்தது. சிற்றுண்டி பரிமாறும் சமயத்தில் பின் வரிசையிலிருந்து ஒரு முதியவர் எழுந்தார்.

"தம்பி, கிடங்கிலே இன்னிக்கு எத்தனை மூட்டை கிடக்குது?"

"புஸ்தகத்திலே 300 இருக்குதுங்க, ஐயா" என்றார் காரியதரிசி.

"புஸ்தகத்திலே இருக்கட்டும், கிடங்கிலே?"

இதற்கு மேடையிலிருந்த எவராலும் விடை கூற இயலவில்லை. கிடங்கின் சாவியை வைத்திருப்பவர், நெல்லை வாங்குபவர், விற்பவர், பேரேடு எழுதுபவர், பாங்கியில் பணம் கட்டுபவர் எல்லாம் ஒருவரே என்பது பிறகு விசாரித்ததில் தெரிந்தது. அவர் நாணயஸ்தர் என்பதில் ஊராருக்கு ஐயமில்லை, எமக்கும் இல்லை. அவர் தவறு செய்தாலும், கவனக்குறைவாய் ஓர் எண்ணை மாற்றி எழுதினாலும், மூட்டையை எலி தின்றாலும், அதைக் கண்டுபிடிக்க வேறொரு கண் அங்கே இல்லை என்பதே குறை.

அக்கம்பெனியின் எண்களை அப்படியே வெளியிடாமல், முழு எண்களாக்கிக் காட்டுகிறோம். மூட்டை ரூ.1,500 வீதம் 1,000 மூட்டை நெல் வாங்கிய வகையில் செலவு ரூ.15,00,000. அவற்றுள் 700 மூட்டை ரூ.1,600 வீதம் விற்று வந்தது ரூ.11,20,000. கூலி, வண்டி வாடகை முதலியன ரூ.60,000. மீதி 300 மூட்டையை விற்கும் விலையாகிய ரூ.1,600 வீதமே மதிப்பிட்டு, இருப்பு ரூ.4,80,000 என்று எழுதினார்கள். அதன்படி லாபம் ரூ.40,000. இனி உள்ளபடி பார்ப்போம். எண்ணிப் பார்த்ததில் கிடங்கில் இருந்தவை 280 மூட்டைகளே. மார்க்கெட் விலையோ அதற்குள் ரூ.1,400-க்கு இறங்கிவிட்டது. எனவே இருப்பின் மதிப்பு ரூ.3,92,000. இப்போது கூட்டிக் கழித்தால் ரூ.48,000 நஷ்டம் வருகிறது. கைதட்டியவர்கள் தட்டியது இந்த நஷ்டத்துக்கே.

இதில் திருட்டு என்று சொல்லத்தக்கது எதுவும் நிகழவில்லை. சரக்கிருப்பை வாங்கின விலை, விற்றால் கிடைக்கக்கூடிய நிகர விலை ஆகிய இரண்டில் எது குறைவோ அதன்படி மதிப்பிட வேண்டுமென்பது கணக்கியலில் நெடுநாளாய் நிலைத்த விதி. விற்காத சரக்கில் லாபம் காட்டலாகாது. அறுவடையாகாத வயலைக் காட்டிக் குதிர் நிறைந்துவிட்டது என்பவனை நாம் என்ன சொல்வோம்?

லாபம் என்று நம்பி டிவிடெண்டு கொடுத்தால் மூலதனமே கரையும். அடுத்த பட்டத்துக்கு விதையும் உரமும் வாங்கப் பணம் இராது. பாங்கி கடன் தர மறுக்கும். அப்பொழுதுதான் அங்கத்தினர் விழித்துக்கொள்கிறார்கள்.

இந்தக் காவல் முறை நமக்குப் புதிதன்று. காஞ்சீபுரத்துக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயில் சுவர்களில் முதற் பராந்தக சோழன் காலத்துச் சாசனங்கள் இரண்டு பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவை கி.பி. 919, 921 ஆகிய வருஷங்களைச் சேர்ந்தவை. குடவோலை முறையைப் பற்றி யாவரும் பேசுகிறார்கள். அச்சாசனத்தில் எமது கருத்தைக் கவர்வது வேறொரு பகுதி. முன்னே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது விட்டவர் மறுபடி வாரியத்துக்குத் தகுதியற்றவர். அவருடைய நெருங்கிய உறவினரும் அவ்வாறே தகுதியற்றவர் என்று அது விதிக்கிறது. மூன்று வருஷத்துக்குள் வாரியம் செய்தவர்களும் விலக்கப்பட்டார்கள். அது பிராமணர்களின் சதுர்வேதிமங்கலச் சபை என்பதையும், மற்றக் குடிகளுக்கு அதில் இடமில்லை என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. எனினும் கணக்கு விஷயத்தில் அவர்களுடைய கண் கூர்மையானது. அவ்வூரில் பொன்னின் மாற்று உரைத்துப் பார்க்க ஆட்களை நியமித்த சாசனமும் ஒன்றுண்டு. உரைத்த பொன் ஒட்டிய மெழுகை அவர்களே வைத்துக்கொள்ளாமல் ஏரி வாரியத்தாரிடம் ஒப்புவிக்க வேண்டுமென்று அதில் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒருவர் உரைக்க, மற்றொருவர் வசம் மெழுகு சேர்ந்தது.

இன்றைய சட்டமும் ஏறக்குறைய அதே வழியில் செல்கிறது. உற்பத்தியாளர் கம்பெனி தொடர்ந்து மூன்று வருஷம் கணக்கையும் ஆண்டறிக்கையையும் தாக்கல் செய்யாவிடில் அதன் டைரக்டர் பதவியிழக்க நேரிடும். கம்பெனியில் வாங்கிய கடனைத் திருப்பிக் கட்டத் தவறிய டைரக்டருக்கும் அதே கதி. மகாசபைக்கு 14 நாள் முன்னதாக எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும்; அத்துடன் தணிக்கையான ஐந்தொகையும் லாப நஷ்டக் கணக்கும் அனுப்பப்பட வேண்டும். கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் அவை ரிஜிஸ்திராருக்குச் சேரவேண்டும். இவையன்றி, பட்டயக் கணக்காளர் ஒருவரைக் கொண்டு உள் தணிக்கை செய்விப்பதும் உற்பத்தியாளர் கம்பெனிக்குக் கட்டாயம். நோட்டீஸில் தேதியும் இடமும் மாத்திரம் கண்டு திருப்தியடையும் அங்கத்தினர், தமக்குச் சட்டம் கொடுத்த பாதி உரிமையைப் படிக்கட்டிலேயே விட்டுவிடுகிறார்.

கூட்டுறவு இயக்கத்தின் ஆரம்பமும் இப்பிரதேசத்திலேயே நிகழ்ந்தது. சர் பிரெடரிக் நிகல்சன் சென்னை மாகாணத்தில் விவசாய பாங்கிகளை ஏற்படுத்துவது பற்றி 1895, 1897 ஆகிய வருஷங்களில் இரு பாகமாக அறிக்கை வெளியிட்டார். 1904-ல் கூட்டுறவுச் சட்டம் பிறந்தது. அவ்வருஷம் ஆகஸ்டில் அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் விவசாயக் கடன் சங்கமொன்றும், அக்டோபரில் காஞ்சீபுரத்தில் நகரக் கடன் சங்கமும் பதிவாயின. நகரக் கடன் சங்கங்களுள் இந்தியாவிலேயே முதலில் பதிவானது காஞ்சீபுரத்துச் சங்கம் என்பர். கிராமச் சங்கங்களில் அக்காலத்தில் வரையறையற்ற பொறுப்பு விதிக்கப்பட்டிருந்தது. சங்கம் முறிந்தால் ஒவ்வொருவர் நிலமும் ஆபத்துக்குள்ளாகும். ஆகவே அண்டை வீட்டுக்காரர் வாங்கிய கடனைக்கூட அங்கத்தினர் கண்காணித்தார்கள். கம்பெனியில் பொறுப்பு பங்குத் தொகையோடு நின்றுவிடுகிறது. போனால் ஆயிரம் ரூபாய்தானே என்ற அலட்சியம் பிறக்கிறது. பொறுப்பு குறைந்தது நன்மையே. அதனோடு கவனமும் குறைந்ததுதான் கேடு.

கணக்கை வெளியிடாத ஸ்தாபனத்தை நம்பிக் கெட்ட கதையைச் சென்னை நகரம் மறக்கவில்லை. 1906 அக்டோபர் 22-ந் தேதி ஆர்பத்நாட் கம்பெனி பணம் கொடுப்பதை நிறுத்தியது. அது பங்காளிகளின் சொந்த ஸ்தாபனம். உள்நிலை வெளியாருக்குத் தெரியாது. பெயரின் பெருமையைக் கண்டு பணம் போட்டிருந்த பெருந்தொகையான குடும்பங்கள் நொடித்தன. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். மறுவருஷமே, 1907-ல், வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முயற்சியால் இந்தியன் பாங்கி தோன்றியது. நூறாண்டு கழித்து, 2009 ஜனவரியில், ஹைதராபாத்தின் சத்யம் கம்பெனித் தலைவர் தமது கணக்கில் காட்டிய பாங்கி இருப்பில் 5,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகை இல்லாதது என்று தாமே கடிதம் எழுதினார். அங்கே தணிக்கையாளர் இருந்தார்கள்; அறிக்கைகள் பளபளவென்று அச்சாயின. ஆதலால் தணிக்கைக் கையெழுத்து ஒன்றையே கண்டு நாம் அயர்ந்துவிடலாகாது. பாங்கி இருப்பைக் காரியதரிசி நீட்டும் தாளில் பாராமல், பாங்கியிடமிருந்து நேரே பெற்ற கடிதத்தில் பார்ப்பதே முறை.

அமெரிக்காவில் 2002-ல் வந்த சட்டத்தின்படி, பங்கு விற்பனைக்குப் பதிவான கம்பெனிகளின் நிர்வாகிகள் தங்கள் கணக்குக் காவல் முறை பலனளிக்கிறதா என்று வருஷந்தோறும் தாமே ஆராய்ந்து வெளியிட வேண்டும். அங்குள்ள சிறு கம்பெனிகள் பல, "எங்கள் காவல் முறை போதுமானதாயில்லை, ஆட்கள் சொற்பமாகையால் ஒருவரே பல வேலைகளைச் செய்கிறார்" என்ற கருத்தில் அறிக்கை விடுகின்றன. நம்மவர் இதைப் படித்தால் நகைக்கக்கூடும். எமக்கோ இது மிக நாணயமான வழக்கமாகத் தோன்றுகிறது. குறையை எழுதி வைத்த கம்பெனியில் பணம் போடுபவர் கண் திறந்து போடுகிறார். நம் நாட்டில் உள்காவல் பற்றித் தணிக்கையாளர் தனியே கருத்துக் கூறவேண்டுமென்ற விதியிலிருந்து சிறு பிரைவேட் கம்பெனிகளுக்கு 2017-ல் விலக்கு அளிக்கப்பட்டது. செலவை எண்ணினால் அது நியாயமே. ஆனால் அந்த வேலையைச் செய்ய அங்கத்தினரைத் தவிர வேறொருவர் இனி இல்லை.

ஐந்து பேர் வேலை செய்யும் கம்பெனியில் இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. பணம் வாங்குபவர் பேரேடு எழுதலாகாது. செக்கில் இருவர் கையெழுத்திட வேண்டும். கைபேசி வழியாய்ப் பணம் அனுப்புவதானால், அனுமதி எண் வரும் கைபேசி கணக்கெழுதுபவரிடம் இருக்கலாகாது. இக்காலத்தில் செக்கை விட இதுவே அபாயமானது. உரத்தைக் கடனுக்குக் கொடுத்தால் அன்றைக்கே பெயர் பதிய வேண்டும். வருஷ முடிவில் பாக்கிதாரர் பட்டியைக் கூட்டத்தில் வைக்க வேண்டும். டைரக்டருடைய சொந்த மண்டிக்கோ, மைத்துனர் லாரிக்கோ கம்பெனி பணம் கொடுத்திருந்தால் அதைத் தனியே எழுதிக் காட்டவேண்டும். கொடுப்பதே தப்பு என்று நாம் கூறவில்லை. கிராமத்தில் ஒரு லாரிதான் இருக்கும். சர்க்கார் மானியத்தை வியாபார வருமானத்தோடு கலந்து லாபமென்று காட்டும் பழக்கம் பல இடங்களில் உண்டு. மானியம் நின்ற வருஷத்தில் அது வெளியாகிவிடும்.

கிராம அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. கர்ணம் பதவி 1980-ல் ஒழிந்தது, எனினும் "இந்தக் கம்பெனி நல்லதா?" என்று கேட்டுக்கொண்டு குடிகள் இன்றும் கிராம நிர்வாக அலுவலரிடமே வருகிறார்கள். நல்லது கெட்டது கூறுவது அவர் கடமையன்று. ஆனால் ரிஜிஸ்திராரிடம் தாக்கலான கணக்கைச் சிறு கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடலாம் என்பதையும், கடைசியாகத் தாக்கலானது எந்த வருஷத்துக் கணக்கு என்று முதலில் பார்க்க வேண்டும் என்பதையும் அவர் எடுத்துச் சொல்லலாம்.

மேலே கூறிய கம்பெனியில் அந்த முதியவரையே இருப்புப் பார்க்கும் சிறு குழுவில் சேர்த்தார்கள். மறு வருஷம் மார்ச் 31-ந் தேதி சாயங்காலம் அவரும் வேறு இருவரும் லாந்தரும் எடைக் கருவியுமாகக் கிடங்குக்குச் சென்று, மூட்டைகளை எண்ணி, பத்துக்கு ஒன்று நிறுத்துப் பார்த்து, பட்டியில் கையெழுத்திட்டார்கள். நஷ்டம் என்றே அவ்வருஷ அறிக்கையில் எழுதியிருந்தது. நோட்டீஸோடு இருப்புப் பட்டியும் வீடு வீடாய் வந்தது. கூட்டம் மாலை ஏழு மணி வரை நீடித்தது, சிற்றுண்டி ஆறிப்போயிற்று. கிடங்குக் கதவுக்கு இப்போது இரண்டு பூட்டுகள். சாவிகள் இரண்டு வெவ்வேறு வீடுகளில் இருக்கின்றன.