வடதேசத்தில் விதைத்த பணம்



"வியாதியஸ்தருக்குக் கட்டில் வாங்கக் கொடுக்கிறோம், ஆராய்ச்சிக்கு எதற்கு?" என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான்.

சுவீடன் தேசத்தின் வடபகுதியில், ஸ்டாக்ஹோமிலிருந்து ஏறக்குறைய 600 கிலோமீட்டர் தூரத்தில் ஊமேயோ என்னும் பட்டணம் உண்டு. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் எம்மானுவேல் ஷார்ப்பென்டியே என்னும் அம்மையார் ஒரு கிருமியை ஆராய்ந்தார். தொண்டைப்புண்ணையும், பிள்ளைகளின் இருதய வால்வைக் கெடுக்கும் காய்ச்சலையும் உண்டாக்கும் கிருமி அது. வடசுவீடனின் கெம்பே அறக்கட்டளையும் பண உதவி செய்தது.

தன்னைத் தாக்கும் வைரஸின் மரபணுவை அந்தக் கிருமி வெட்டிப்போடும். அதற்குத் துணைநிற்கும் சிறிய ஆர்.என்.ஏ. ஒன்றை அவருடைய குழு 2011-இல் வெளியிட்டது. 2012-இல் அமெரிக்க விஞ்ஞானி ஜெனிஃபர் டௌட்னாவுடன் சேர்ந்து, அதை மரபணுவைக் குறித்த இடத்தில் வெட்டும் கருவியாக்கினார். 2020-இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். 2023-இல் இம்முறையிலான அரிவாள் செல் சோகை சிகிச்சைக்குப் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதி அளித்தன.

ஊமேயோவில் செலவிட்ட பணம் இந்த நோய்க்கென்று கொடுக்கப்பட்டதல்ல. ஆனாலும் பலன் வந்தது. நம் நீலகிரி மலைவாழ் மக்களிடையேயும் இந்நோய் உண்டு. சிகிச்சையின் விலையோ ஏழைக்கு எட்டாதது. அது எட்டும்படி செய்யவும் ஆராய்ச்சியே வேண்டும். ஆகவே கட்டிலுக்குக் கொடுப்பதைக் குறைக்காமல், இதற்கும் ஜெபத்தோடு ஒரு பங்கை ஒதுக்குங்கள்.