ஆக்சிஜனுக்குச் சாட்சி சொல்லும் உலோகம்

வாயு பாறையில் தங்காது. அப்படியிருக்க, நூறு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலில் ஆக்சிஜன் எவ்வளவு இருந்தது என்பதை எப்படி அறிவது? மாலிப்டினம் என்ற உலோகத்தைக் கேட்கிறார்கள் புவிவேதியியலாளர்கள்.

இயற்கையில் மாலிப்டினத்துக்கு ஏழு ஐசோடோப்புகள் உண்டு. நிறை எண் 92 முதல் 100 வரை. வேதிக்குணம் ஏறக்குறைய ஒன்றே, எடைதான் வேறு. ஆறுகள் கடலில் சேர்க்கும் இந்த உலோகம் கடல்நீரில் லட்சக்கணக்கான ஆண்டுகள் தங்குகிறது. அதற்குள் கடல் பலமுறை கலந்துவிடுவதால், எல்லாக் கடல்களிலும் அதன் ஐசோடோப்பு விகிதம் ஒன்றாகவே இருக்கிறது.

ஆக்சிஜன் உள்ள ஆழ்கடலில் மாங்கனீசு ஆக்சைடு கறுப்புப் படலமாகப் படிகிறது. நீரில் நான்கு ஆக்சிஜன் அணுக்களோடு இறுகப் பிணைந்திருக்கும் மாலிப்டினம், படலத்தில் ஒட்டும்போது ஆறு ஆக்சிஜன் அணுக்களோடு சேர்கிறது, பிணைப்பு தளர்கிறது. கனமான ஐசோடோப்பு வலுவான பிணைப்பையே நாடும். அதனால் இலேசானது படலத்துக்குப் போக, கடல்நீரில் கனமானதன் பங்கு கூடுகிறது. நீருக்கும் படலத்துக்கும் உள்ள வேறுபாடு ஆயிரத்தில் சுமார் 3 பங்குதான்.

கருங்கடலின் ஆழத்தில் ஆக்சிஜன் இல்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடு நிறைந்திருக்கிறது. அங்கே மாலிப்டினம் கந்தகத்தோடு சேர்ந்து, கனம் இலேசு பாராமல், அநேகமாக முழுவதும் சேற்றில் இறங்குகிறது. ஆகவே அந்தச் சேறு உலகக் கடல்நீரின் விகிதத்தைக் காட்டுகிறது. அது இறுகிக் களிப்பாறையான பிறகும் பதிவு நிலைக்கிறது.

அளவிடும் வேலை நுணுக்கமானது. பாறைத்தூளை அமிலத்தில் கரைத்து உலோகத்தைப் பிரிக்கும்போதே விகிதம் பிறழக்கூடும். எனவே 97, 100 ஆகிய இரு ஐசோடோப்புகளை, தெரிந்த விகிதத்தில், முதலிலேயே கலந்துவிடுவார்கள். நிறைமானியில் அவை எவ்வளவு பிறழ்ந்தன என்று பார்த்து மற்றதைத் திருத்திக்கொள்ளலாம்.

வட ஆஸ்திரேலியாவின் 140 கோடி, 170 கோடி ஆண்டுப் பழைய கருங்களிப்பாறைகளை புவிவேதியியலாளர் ஏரியல் அன்பார் குழுவினர் ஆராய்ந்து 2004இல் முடிவை வெளியிட்டனர். இன்றைய கடலைவிட விகிதம் இலேசாக இருந்தது. இலேசானதை இழுத்துக்கொள்ள மாங்கனீசுப் படலம் குறைவாகவே இருந்திருக்கிறது; ஆக்சிஜன் இல்லாத கடல்தரை பரந்து கிடந்திருக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் 295 கோடி ஆண்டுப் பழைய பாறைகளில் அங்கேயே படிந்த மாங்கனீசு ஆக்சைடு விட்டுச்சென்ற இலேசான தடம் இருப்பதாக 2014இல் வெளியான ஆய்வு சொன்னது. காற்றில் ஆக்சிஜன் பெருகியது அதற்குச் சுமார் 50 கோடி ஆண்டுகள் கழித்துத்தான். மாங்கனீசு ஆக்சைடு உருவாக ஆக்சிஜன் வேண்டும்; ஆகவே ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜனை வெளியிட்ட நுண்ணுயிர்கள் அவ்வளவு முன்னதாகவே கடலோரத்தில் வாழ்ந்திருக்க வேண்டும்.