கடிவாளமும் காயலான் கடையும்

கோடம்பாக்கம் என்ற பெயருக்குச் செவிவழிச் செய்தி ஒன்று உண்டு. ஆற்காட்டு நவாபுகளின் குதிரைகள் இங்கிருந்த தோட்டத்தில் கட்டப்பட்டிருந்தன என்றும், 'கோடா பாக்', அதாவது குதிரைத் தோட்டம் என்ற பெயரே நாளடைவில் கோடம்பாக்கம் ஆயிற்று என்றும் கூறுவர். 'பாக்கம்' என்பது தொண்டை நாட்டு ஊர்ப் பெயர்களில் நெடுங்காலமாக வழங்கும் தமிழ்ச் சொல் என்று காட்டி இதை மறுப்போரும் உண்டு. அந்த ஆராய்ச்சியை அறிஞர்களிடம் விட்டுவிடுவோம். குதிரைகள் போய்விட்டன. ஜக்கரியா காலனியிலும் அதைச் சுற்றியுள்ள சந்துகளிலும் இன்று நிற்பவை பழைய மாருதிகளும் ஆம்னி வேன்களும்தாம். கடிவாளம் போய் ஸ்டியரிங் வந்துவிட்டது. கடிவாளம் அறுந்தால் குதிரை தன் அறிவாலாவது நின்றுவிடக்கூடும். ஸ்டியரிங் கைவிட்ட வண்டி அப்படி நிற்காது.

வாகனத்தில் ஏறி அமர்ந்ததும் நாம் ஓதும் துஆவின் கருத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். நம் ஆற்றலால் அடக்க இயலாத ஒன்றை நமக்கு வசப்படுத்தித் தந்த இறைவனின் தூய்மையை அதில் போற்றுகிறோம். அந்த வசப்படுத்தல் இன்றைய வாகனத்தில் எந்த உறுப்பின் வழியே நிகழ்கிறது? நம் கைக்கும் சக்கரத்துக்கும் நடுவே உள்ள சில இரும்புத் துண்டுகளின் வழியேதான். அவற்றுள் ஒன்று பழுதாகி, புதியது கிடைக்காமலோ, கிடைத்தும் வாங்க வசதியில்லாமலோ தவிக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்பவர், விருந்துக்குச் சமைத்த தேக்சாக்களைச் சுமந்து செல்பவர், மளிகைச் சரக்கு எடுப்பவர் என வண்டியை நம்பியே அடுப்பெரியும் வீடுகள் அவை. அவர்களுக்குப் பழைய உறுப்பை நியாய விலையில் தேடும் வழி தெரிய வேண்டும். எந்த உறுப்பில் அந்தச் சிக்கனம் கூடாது என்பதும் தெரிய வேண்டும்.

புதியது ஏன் கிடைப்பதில்லை?

வண்டியின் ஆயுள் அதைச் செய்த தொழிற்சாலையின் ஆயுளை விட நீண்டதாக இருப்பதுண்டு. நம் ஊரையே எடுத்துக் கொள்ளுங்கள். சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்ட் நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு கார்களைச் செய்தது. 1988-ல் உற்பத்தி நின்றுபோயிற்று. வங்காளத்தின் உத்தரபாராவில் உருவான அம்பாசடர், 2014 மே மாதத்தோடு நின்றது. 1983 டிசம்பரில் அறிமுகமாகி நடுத்தரக் குடும்பங்களுக்குக் கார் என்பதையே கைக்கெட்டச் செய்த மாருதி 800, 2014 ஜனவரியில் விடைபெற்றது. ஆம்னி வேன் 2019-ல் நின்றது. மும்பையின் அடையாளமாக விளங்கிய கருப்பு மஞ்சள் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரில் சாலையை விட்டே மறைந்தன.

மாருதி வண்டிகள் பெருந்தொகையில் ஓடியதால் அவற்றின் உறுப்புகள் இன்றும் கிடைக்கின்றன. மற்றவற்றுக்கு அலைய வேண்டியிருக்கிறது. பழைய வண்டியை வைத்திருப்பது குற்றமன்று. சொந்த வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுகளுக்கு. அதன் பின் வண்டி தகுதியாக இருந்தால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக் கொள்ள மோட்டார் வாகனச் சட்டம் இடமளிக்கிறது. பழுதோடு ஓட்டுவதுதான் குற்றம்.

புதுப்பேட்டைக்கு வழி

கோடம்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறினால் நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு கடந்து மூன்றாவது நிலையம் எழும்பூர். அங்கிருந்து கூவத்தை நோக்கி நடந்தால் புதுப்பேட்டை. இளைஞர்கள் பலர் இப்பெயரை 2006-ல் வந்த ஒரு திரைப்படத்தின் பெயராகவே அறிவர். வண்டி வைத்திருப்பவர்களுக்கோ அது வேறொரு காரணத்தால் தெரிந்த ஊர். முன்னர் ஹாரிஸ் சாலை என்று வழங்கிய ஆதித்தனார் சாலையிலும் அதன் கிளைத் தெருக்களிலும், கழற்றப்பட்ட கதவுகளும் இஞ்சின்களும் விளக்குகளும் கடைக்குக் கடை குவிந்து கிடக்கும். புதிய உறுப்புக்கு அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பழையதற்குப் புதுப்பேட்டை என்பது சென்னைவாசிகளின் வழக்கம். இரண்டையும் பார்த்துவிட்டே விலை பேசுங்கள். சில வேளைகளில் புதியதற்கும் பழையதற்கும் உள்ள வேறுபாடு நாம் அஞ்சிய அளவு இராது.

பழைய இரும்புக் கடையைக் 'காயலான் கடை' என்று சென்னை மக்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். காயல்பட்டினத்திலிருந்து வந்து பழம்பொருள் வணிகம் செய்த முஸ்லிம்களை வைத்தே இச்சொல் பிறந்தது என்பர். அப்படியானால், பிறர் கழித்ததை எடுத்துப் பயனாக்கும் ஒரு தொழிலுக்கு நம் சமுதாயத்தின் ஊர்ப் பெயரையே தமிழ் சூட்டியிருக்கிறது. இதில் இழிவு ஏதுமில்லை. வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று கண்டிக்கும் வேதத்தை ஓதுகிறவர்கள், பயன்படும் பொருளைக் குப்பைக்குப் போகாமல் காப்பதில் பெருமை கொள்ளலாம்.

எதைப் பழையதாக வாங்கலாம்?

கையால் பிடிக்கும் வட்டம், அதாவது ஸ்டியரிங் வீல், ஹாரன் மூடி, இண்டிகேட்டர் சுவிட்ச், ஸ்டியரிங் தண்டைச் சுற்றியுள்ள உறைகள் ஆகியவற்றைத் தாராளமாகப் பழையதில் தேடலாம். கண்ணால் பார்த்துக் குறை அறியக்கூடியவை இவை.

கடைக்குப் போகும்போது பழுதான உறுப்பைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஒரே பெயருள்ள வண்டியிலும் ஆண்டுக்கு ஆண்டு உறுப்புகள் மாறியிருக்கும். வீலின் நடுவே உள்ள துளையில் பல் பலாக வரிகள் இருக்கும். அந்தப் பற்களின் எண்ணிக்கையும் துளையின் அகலமும் உங்கள் தண்டோடு ஒத்துவர வேண்டும். 'கொஞ்சம் தட்டினால் ஏறிவிடும்' என்று யாரேனும் சொன்னால் அங்கிருந்து நடையைக் கட்டுங்கள். தட்டி ஏற்றியது ஒரு நாள் கழன்று கையோடு வரும்.

வீலின் மேல் ரெக்சின் உறை இருந்தால் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். வெயிலில் வெடித்த விரிசல்கள் அதனடியில் ஒளிந்திருக்கும். இரு கைகளாலும் பிடித்து மெல்ல முறுக்கிப் பாருங்கள். உள்ளிருக்கும் இரும்பு வளையம் முனகக் கூடாது. பின்புறம் இண்டிகேட்டரைத் தானே அணைக்கும் முளை உடையாமல் இருக்கிறதா என்றும் காணுங்கள். அழகுக்காக அளவில் சிறிய வீலை மாட்டாதீர்கள். வட்டம் சிறுத்தால் திருப்புவதற்கான பாரம் கூடும்.

ஸ்டியரிங் பாக்ஸ், அல்லது அம்பாசடரிலும் மாருதியிலும் உள்ள ராக், இரண்டாம் தரப்பைச் சேர்ந்தது. புதியது எங்குமே கிடைக்காதபோது மட்டும், நம்பகமான மெக்கானிக்கை உடன் அழைத்துச் சென்று வாங்கலாம். ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்பிப் பாருங்கள். நடுவில் இறுக்கமோ தளர்வோ தட்டுப்படக் கூடாது. ரப்பர் உறை கிழிந்திருந்தால் மண்ணும் நீரும் உள்ளே போயிருக்கும். முன்பக்கம் மோதிய வண்டியிலிருந்து கழற்றியதென்றால் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத வளைவு அதில் இருக்கக்கூடும்.

எதை ஒருபோதும் வாங்கக் கூடாது?

டை ராட் எண்டு, பால் ஜாயிண்டு, ரப்பர் புஷ், காட்டர் பின் ஆகியவற்றைப் புதியதாகவே வாங்குங்கள். குண்டு போன்ற ஒரு முனை கிண்ணம் போன்ற ஒரு கூட்டுக்குள் சுழல்வதுதான் பால் ஜாயிண்டு. தேய்ந்த குண்டு மேடு பள்ளத்தில் ஒரு நாள் கூட்டை விட்டு வெளியே வந்தால், சக்கரம் தன் போக்கில் போகும். உங்கள் கையில் வெறும் வட்டமே மிஞ்சும். பழைய ஜாயிண்டு வெளியே பளபளப்பாகத் தோன்றலாம். உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைக் கடைக்காரரும் அறியார். காட்டர் பின் மிகச் சிறிய காசுக்குக் கிடைப்பது. ஒரு முறை வளைத்ததை நிமிர்த்தி மறுபடி போடும் பழக்கத்தைப் பட்டறையில் கண்டால் தடுத்து நிறுத்துங்கள்.

வெல்டிங் வைத்த ஸ்டியரிங் உறுப்பு எதுவானாலும் தள்ளுபடி. பக்குவப்படுத்திய எஃகு அந்தச் சூட்டில் தன் வலிமையை இழக்கிறது.

காற்றுப்பை உள்ள வண்டிகளுக்குத் தனி எச்சரிக்கை. 2019 ஜூலை முதல் புதிய கார்களில் ஓட்டுநருக்குக் காற்றுப்பை கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முன்பே பல கார்களில் அது வந்துவிட்டது. அந்தப் பை வீலின் நடுவிலேயே மருந்தோடு அடைபட்டிருக்கிறது. ஜப்பானின் தகாட்டா நிறுவனத்தின் காற்றுப்பைகளில் அம்மோனியம் நைட்ரேட் மருந்து வெப்பத்தாலும் ஈரத்தாலும் கெட்டு, வெடிக்கும்போது இரும்புத் துண்டுகளை ஓட்டுநர் மீதே வீசியது. உலகெங்கும் கோடிக்கணக்கான வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அந்நிறுவனம் 2017-ல் திவாலாயிற்று. வெப்பமும் ஈரமும் சென்னைக்குச் சொல்லித் தர வேண்டியவை அல்ல. மேலும், 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் இந்நகரில் எத்தனையோ கார்கள் நீரில் நின்றன. வெள்ளம் கண்ட வண்டியிலிருந்து கழற்றிய காற்றுப்பையையும் மின் இணைப்புள்ள ஸ்டியரிங் பாகத்தையும் எந்தக் கண்ணும் சோதித்தறிய முடியாது. அவற்றைப் பழையதில் வாங்கவே வேண்டாம்.

கடிகார முள் சொல்லும் கணக்கு

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-ஆம் விதி ஸ்டியரிங் பற்றியது. வீலைத் திருப்பியும் சக்கரம் அசையாத வெற்று ஆட்டம் 30 பாகைக்கு மேல் இருக்கக் கூடாது, இணைப்புகளின் பால் ஜாயிண்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டும் பின்னும் கழலாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்கிறது அது. முப்பது பாகை என்பதைக் கடிகாரத்தில் பாருங்கள். பன்னிரண்டிலிருந்து ஒன்று வரையுள்ள இடைவெளிதான். அது சட்டம் பொறுக்கும் கடைசி எல்லை. நல்ல வண்டியில் ஆட்டம் அதைவிட மிகக் குறைவாகவே இருக்கும்.

இதை வீட்டு வாசலிலேயே சோதிக்கலாம். சக்கரம் நேராக இருக்க, ஒருவர் வீலை இடமும் வலமும் மெல்ல அசைக்கட்டும். மற்றவர் முன் சக்கரத்தைக் கவனிக்கட்டும். பிறகு பட்டறையில் முன்பக்கத்தை ஜாக்கியில் உயர்த்தி, அடியில் தாங்கு கட்டை வைத்து, சக்கரத்தின் இரு பக்கங்களையும் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். 'கடக்' என்ற ஓசை கேட்டால் டை ராட் எண்டையும் ராக்கையும் பார்க்க வேண்டும். மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது அசைந்தால் பேரிங்கையோ பால் ஜாயிண்டையோ ஐயப்பட வேண்டும். உறுப்பை மாற்றிய பின் சக்கர அலைன்மெண்ட் பார்ப்பதைச் செலவென்று தள்ளாதீர்கள். குடும்பத் தலைவிகளும் இதைக் கேட்டறிய வேண்டும். பிள்ளைகளோடு பின்னிருக்கையில் அமர்கிறவர்கள் அவர்கள்தாம்.

அப்பொருள் யாருடையது?

விலை மலிவாக இருப்பதற்கு நல்ல காரணமும் உண்டு, தீய காரணமும் உண்டு. உத்தரப் பிரதேசத்தின் மீரட்டில் சோதிகஞ்ச் என்ற பழைய உறுப்புச் சந்தை இருந்தது. திருட்டு வண்டிகள் அங்கே உடைக்கப்படுகின்றன என்று பல்லாண்டு பேசப்பட்டு, 2021 டிசம்பரில் காவல்துறையின் நடவடிக்கையால் கடைகள் அடைபட்டன. நேர்மையாகத் தொழில் செய்தவர்களும் அதில் சேர்ந்து அடிபட்டிருப்பார்கள்.

திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தோ வாங்குவது, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஷரீஅத்திலோ, திருடியவன் அப்பொருளுக்கு உரிமையாளனே அல்லன். அவன் எதை விற்பான், நாம் எதை வாங்குவோம்? எனவே ரசீது கேளுங்கள். எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று கேளுங்கள். நேர்மையான வணிகர் இக்கேள்விக்குச் சினங்கொள்ள மாட்டார்.

நாமும் இதில் பொறுப்பாளிகள். பழைய வண்டியை உடைப்பதற்கு விற்றுவிட்டுப் பணத்தோடு வீடு திரும்பினால் வேலை முடியவில்லை. வண்டி அழிக்கப்பட்டால் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்துச் சான்றிதழை ஒப்படைக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு. அதைச் செய்யாவிட்டால், நம் வண்டியின் எண்ணை வேறொரு வண்டி சுமந்து திரிய வழி திறந்து வைத்தவர்கள் ஆவோம்.

விற்பவருக்கும் ஒரு சொல்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரம் இருப்பதை அறிந்து, அதை மக்கள் காணும்படி மேலே வைக்கலாகாதா என்று வணிகரைக் கடிந்த செய்தி முஸ்லிம் ஷரீஃபில் உள்ளது. பழைய உறுப்பில் அந்த ஈரம் என்பது பெயிண்டுக்கு அடியிலுள்ள வெல்டிங். கிரீசுக்கு உள்ளேயுள்ள தேய்மானம். தானியத்தில் மறைத்த குறை வாங்கியவரின் காசை இழக்கச் செய்தது. ஸ்டியரிங்கில் மறைத்த குறை சாலையில் போகும் யாரோ ஒரு வழிப்போக்கரின் உயிரைக் கேட்கும். 'இது அலங்காரத்துக்கு ஆகும், ஓட்டத்துக்கு ஆகாது' என்று வாய்திறந்து சொல்லும் வியாபாரிக்கு அன்று ஒரு விற்பனை குறையலாம், பரக்கத் குறையாது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, அவிழ்த்துவிட்டு வைப்பதா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டு வையுங்கள் என்று அண்ணலார் (ஸல்) வழிகாட்டினார்கள். நம் காலத்தில் கட்டுவது என்றால் ஒரு புதிய டை ராட் எண்டு வாங்குவது. பூட்டிய நட்டின் குறுக்கே புதிய காட்டர் பின் ஒன்றைச் செருகுவது. வீலைப் புதுப்பேட்டையில் பழையதாக வாங்கி மிச்சப்படுத்திய காசு இதற்குத் தாராளமாகப் போதும். அதைச் செய்து முடித்துவிட்டு, பிஸ்மில்லாஹ் சொல்லி வண்டியை எடுங்கள். சாலையில் செல்வோர் யாவரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக, ஆமீன்.